தாடியின் மீது பழி போடாதீர்!

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

மீஞ்சூர், அத்திப்பட்டு, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று நீளும் நம் தொழிற்பகுதியில் நம் சமுதாய இளைஞர்கள் பலர் உழைத்துப் பிழைக்கின்றனர். அனல்மின் நிலையச் சாம்பலும், இரும்பு உருட்டாலைகளின் தூசியும், கடற்கரையின் உப்புக் காற்றும், விடாத வியர்வையும் அவர்களின் அன்றாடத் துணைகள். இவர்களில் நபிவழியை நாடித் தாடி வளர்ப்போரிடம் சற்று மனம்விட்டுப் பேசினால் ஒரு குறை தவறாமல் வெளிவரும்: தாடைக்கடியில் அரிப்பு, கழுத்தில் சிவந்த கொப்புளங்கள், தாடியில் உதிரும் பொடுகு, இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் எரிச்சல்.

இக்குறையைச் சொன்னவுடன் நம் வீடுகளிலும் வேலைத் தளங்களிலும் மூன்று விடைகள் கிடைக்கின்றன. "எடுத்துவிடு, சரியாகிவிடும்" என்பது முதல் விடை. "சுன்னத்துக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளக் கூடாதா? இது அல்லாஹ்வின் சோதனை" என்பது இரண்டாவது. "மெடிக்கலில் ஒரு டியூப் வாங்கிப் போடு, இரண்டே நாளில் போய்விடும்" என்பது மூன்றாவது. முதலாவது மார்க்கத்தை எளிதாகக் கைவிடுகிறது. இரண்டாவது மார்க்கத்தின் பெயரால் உடலைக் கைவிடுகிறது. மூன்றாவது தோலையே அழிக்கிறது. மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு: மூவரில் ஒருவரும் அந்தத் தோலுக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்கவில்லை! தாடி வைப்பது நபிவழி என்றால் அதைப் பேணுவதும் நபிவழியே. நோய் வந்தால் மருத்துவம் தேடுவதும் நபிவழியே. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்ட நம் பாதிப் பேணுதலே இத்தொல்லைக்கு வேர்.

"எடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்போருக்கு

முதலில் உண்மையைத் தெரிந்துகொள்வோம். புதிதாகத் தாடி விடுபவருக்கு முதல் சில வாரங்களில் அரிப்பு ஏற்படுவது இயல்பு. சவரக்கத்தியால் வெட்டப்பட்ட முடியின் முனை கூர்மையாக இருக்கும். அது வளரும்போது பக்கத்துத் தோலைக் குத்தும். முடி நீண்டு வளைந்ததும் இந்தக் குத்தல் தானாகவே அடங்கிவிடும். இந்த வாரங்களைக் கடக்கப் பொறுமையின்றி, மூன்றாம் வாரத்தில் மழித்துவிட்டு, அடுத்த மாதம் மீண்டும் விடத் தொடங்குபவர், அரிப்பின் தொடக்கக் கட்டத்தையே திரும்பத் திரும்ப விலைக்கு வாங்குகிறார்.

அடுத்தது, சுருள்முடி உடையோரை வாட்டும் சவரக் கொப்புளம். மருத்துவர்கள் இதைச் சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே என்பர். ஒட்ட மழிக்கும்போது முடி தோலுக்குக் கீழே வெட்டுப்படுகிறது. மீண்டும் வளரும்போது அது வளைந்து தோலுக்குள்ளேயே குத்தி நுழைகிறது. உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்க்கிறது. அதனால் வீக்கம், சிவப்பு, வலி, நாளடைவில் கருந்தழும்பு. இந்நோய்க்கு மருத்துவ உலகம் சொல்லும் முதல் சிகிச்சை என்ன தெரியுமா? மழிப்பதை நிறுத்தி முடியை வளரவிடுவதே! முடி போதிய நீளம் வளர்ந்ததும் உள்ளே சிக்கிய முனைகள் வெளியே வந்துவிடுகின்றன. ஆக, "எடுத்துவிடு" என்பவர் நோய்க்குக் காரணமான செயலையே மருந்தென்று பரிந்துரைக்கிறார்.

இது உலக நீதிமன்றங்கள் வரை சென்ற செய்தி. அமெரிக்காவின் நூவர்க் நகரக் காவல்துறை, தோல்நோய் உள்ள காவலர்கள் தாடி வைக்க விலக்களித்தது. ஆனால் மார்க்கக் கடமை என்று சொன்ன இரு முஸ்லிம் காவலர்களுக்கு மறுத்தது. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முஸ்லிம் காவலர்களின் பக்கம் தீர்ப்பளித்தது. உடலின் தேவைக்கு இடம் தரும் அமைப்பு, உள்ளத்தின் நம்பிக்கைக்கு மட்டும் இடம் மறுப்பது அரசியல் சட்டத்துக்கு முரண் என்பது அதன் சாரம். அத்தீர்ப்பை எழுதிய நீதிபதி சாமுவேல் அலிட்டோ, பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்து, 2015இல் இதே போன்ற இன்னொரு தீர்ப்பையும் எழுதினார். ஆர்கன்சா மாநிலச் சிறை தோல்நோயாளிகளுக்குக் கால் அங்குலத் தாடியை அனுமதித்தது. அரை அங்குலத் தாடி கேட்ட முஸ்லிம் கைதிக்கு மறுத்தது. நீதிபதிகள் அனைவரும் ஒருமித்து அந்தக் கைதியின் உரிமையை நிலைநாட்டினர். இவ்விரு இடங்களிலும் தோலின் நலனுக்காகத் தாடியை அனுமதிக்கும் விதி முன்னரே இருந்தது என்பதைக் கவனியுங்கள். நம்மவர்களோ தோலின் பெயரைச் சொல்லித் தாடியை எடுக்கச் சொல்கின்றனர்!

"பொறுத்துக்கொள்" என்போருக்கு

இனி நம் பக்கத்துத் தவற்றைப் பேசுவோம். பேணுதலுள்ளவர்கள் என்று பெயர் பெற்ற சிலர், அரிப்பென்று சொல்லும் இளைஞனை ஈமானில் பலவீனன் போலப் பார்க்கின்றனர். அவன் கூச்சப்பட்டு வாய்மூடிப் போகிறான். சில மாதங்களில் ஒரு நாள் மழித்த முகத்துடன் வந்து நிற்கிறான். அவனை விரட்டியது தாடியா, நம் நாக்கா?

நபி (ஸல்) அவர்களின் வழிமுறை இவ்வாறு இருக்கவில்லை. ஆண்களுக்குப் பட்டாடை தடுக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். ஆனால் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) ஆகிய இரு பெரும் தோழர்களுக்கு உடலில் அரிப்பு ஏற்பட்டபோது, பட்டு அணிய நபியவர்கள் அனுமதி வழங்கினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி உள்ளது. சிந்தியுங்கள்! சொர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட இருவரிடம், "அரிப்பைத் தாங்கக்கூடாதா?" என்று நபியவர்கள் கேட்கவில்லை. அரிப்பை ஓர் உண்மையான துன்பமாக ஏற்று, தடுக்கப்பட்ட ஒன்றையே தளர்த்திக் கொடுத்தார்கள்.

ஹுதைபிய்யாவில் இஹ்ராம் நிலையில் இருந்த கஅபு பின் உஜ்ரா (ரலி) அவர்களின் தலையிலிருந்து பேன்கள் முகத்தில் உதிர்ந்துகொண்டிருந்தன. அது தொல்லை தருகிறதா என்று நபியவர்கள் தாமாகவே விசாரித்தார்கள். தலையை மழித்துக்கொள்ளவும், அதற்குப் பரிகாரமாக நோன்போ, ஏழைகளுக்கு உணவோ, பலியோ நிறைவேற்றவும் வழி சொன்னார்கள். அல்பகரா அத்தியாயத்தின் 196ஆம் வசனம் இதற்கான சலுகையைத் தாங்கி நிற்கிறது. முடியும் தோலும் தரும் தொல்லைக்கு இறைவேதத்திலேயே இடம் ஒதுக்கப்பட்டிருக்க, அதை அற்பமென்று ஒதுக்க நாம் யார்?

இன்னொரு செய்தி இதைவிடக் கடுமையானது. பயணத்தில் தலையில் காயமடைந்த ஒருவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்ய அவருக்குச் சலுகை இல்லை என்று உடனிருந்தோர் கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியபோது நபியவர்கள் கோபமடைந்து, அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்று கண்டித்தார்கள். அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்றும் உணர்த்தினார்கள். அபூதாவூதில் இடம்பெறும் இச்செய்தியைப் படித்த பின்னும், மருத்துவம் தெரியாமல் மார்க்கத்தின் பெயரால் "பொறுத்துக்கொள்" என்று தீர்ப்பு வழங்க எவருக்கேனும் துணிவு வருமா?

எனவே, தேர்ந்த மருத்துவர் ஒருவர், "இந்தப் புண் ஆறும்வரை முடியைக் குறைக்க வேண்டும்" என்று சொன்னால், அதைக் கேட்டு நடப்பது ஈமானுக்குக் குறைவன்று. புண் ஆறியபின் மீண்டும் வளர்த்துக்கொள்ளலாம். தாடியின் அளவு குறித்து மத்ஹபுகளுக்கிடையே உள்ள கருத்து வேறுபாடு இங்கே நம் பேசுபொருள் அன்று. நோயாளிக்குச் சலுகை உண்டென்பதில் அவர்களுக்குள் சண்டையில்லை.

டியூபின் மாயம்

மூன்றாவது விடையே மூன்றிலும் கொடியது. ஏனெனில் அது வேலை செய்வது போலத் தோன்றும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு களிம்புகள் மருத்துவர் கையில் நல்ல மருந்துகள். நம் கையிலோ அவை தீ. பூசிய இரண்டு நாளில் சிவப்பு மறையும், அரிப்பு நிற்கும். நிறுத்தினால் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும். மீண்டும் பூசுவோம். முகத்தோல் உடலின் மற்ற இடங்களைவிட மெல்லியது. நாள்பட்ட பயன்பாட்டில் அது மேலும் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளித்தெரிந்து, பருக்கள் கிளம்பி, வெயில் பட்டாலே எரியும் நிலைக்கு வந்துவிடும். ஸ்டீராய்டால் சிதைந்த முகம் என்று இந்நிலைக்குத் தனிப்பெயரே சூட்டியிருக்கின்றனர் நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள்.

தாடிக்குள் இருப்பது படர்தாமரை என்றால் நிலைமை இன்னும் மோசம். பூஞ்சையை எதிர்க்கும் உடலின் ஆற்றலை ஸ்டீராய்டு அடக்கிவிடும். மேலே சிவப்பு குறையும். உள்ளே பூஞ்சை பரவும். வட்டமான விளிம்பு மறைந்துவிடுவதால் மருத்துவருக்கே நோயை அடையாளம் காண்பது கடினமாகும். ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, நுண்ணுயிர்க்கொல்லி எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து விற்கும் களிம்புகள், இந்தியாவில் படர்தாமரை எளிதில் குணமாகாத நோயாக மாறியதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று தோல் மருத்துவர்கள் பல்லாண்டுகளாக எச்சரித்து வருகின்றனர். 2018இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்தது, பழக்கம் போகவில்லை. கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரரும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்டது என்று வாங்கி வரும் நம் வீட்டாரும் இதில் கூட்டாளிகள். வீட்டு அலமாரியில் பாதி பிதுக்கப்பட்ட டியூப் இருந்தால், இன்றே அதன் பெயரைப் படித்துப் பாருங்கள்.

தாடி அடர்த்தியாக வளர வேண்டுமென்று இளைஞர் சிலர் பூசும் மினாக்சிடில் திரவத்தையும் இவ்வரிசையில் சேர்க்கலாம். அதில் கலந்துள்ள ஆல்கஹாலும் புரொப்பிலீன் கிளைக்காலும் பலருக்கு வறட்சியையும் அரிப்பையும் உண்டாக்கும். அல்லாஹ் கொடுத்த அளவில் இருப்பதே அழகு என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

கருப்புச் சாயமும் அத்தரும்

மூத்தவர்களின் தாடியில் வரும் எரிச்சலுக்குப் பெரும்பாலும் வேறொரு காரணம் உண்டு. அது சாயம். நரைத்த முடிக்கு மருதாணியால் சாயமிடலாம், கருப்பைத் தவிர்க்க வேண்டும் என்ற வழிகாட்டல் நமக்கு உண்டு. முஸ்லிம் நூலில் அபூ குஹாஃபா (ரலி) அவர்கள் பற்றிய செய்தியில் இதைக் காணலாம். கடையில் "கருப்பு மெஹந்தி" என்று விற்கும் பொடிகள் பலவற்றில் உண்மையில் வேலை செய்வது மருதாணி இலை அன்று. பாரா பினைலீன் டைஅமீன் என்னும் இரசாயனம். மருதாணி இலை தரும் நிறம் செம்பழுப்பே. பத்து நிமிடத்தில் கன்னங்கரேலென்று எந்த இலையும் சாயமேற்றாது. இந்த இரசாயனத்துக்கு ஒவ்வாமை ஏற்பட்டால் தாடிப் பகுதி வீங்கி நீர் கோக்கும். கண் இமைகள் மூடிக்கொள்ளும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுதும் அது நீடிக்கலாம். முன்பு பல ஆண்டுகள் ஒத்துக்கொண்டது என்பது எந்த உறுதியும் தராது. நபிவழியில் தவிர்க்கச் சொன்னதையே தோல் மருத்துவமும் தவிர்க்கச் சொல்கிறது. சாயமிட்டே ஆக வேண்டுமென்போர் கலப்பற்ற மருதாணி இலையை அரைத்துப் பூசட்டும். எதைப் பூசினாலும் முதலில் முழங்கையின் உள்மடிப்பில் சிறிதளவு தடவி 48 மணி நேரம் காத்திருந்து பார்ப்பது நல்லது.

அத்தர் நமக்கு விருப்பமானது. ஜும்ஆ நாளில் நறுமணம் பூசுவது சிறப்பும்கூட. ஆனால் நறுமணப் பொருள்கள் தோல் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. சிவந்து அரிக்கும் தாடியில் அத்தரைத் தேய்ப்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதே. புண் ஆறும்வரை அத்தரை ஆடையில் பூசுங்கள், மணம் குறையாது.

நம் ஊர் நீரும் தூசியும்

இவ்வளவுக்கும் மேலாக, மீஞ்சூர்வாசிகளுக்கென்று தனியே ஒரு சிக்கல் உண்டு. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் ஊட்டிய நம் நிலத்தடி நீர் ஒரு காலத்தில் சென்னை மாநகரின் தாகத்தையே தணித்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்றுப் படுகைகளிலிருந்து அளவுக்கு மீறி நீர் உறிஞ்சப்பட்டதால், கடல்நீர் உள்ளே புகுந்து நம் கிணறுகள் உவர்ந்தன. கடலோர நீர்ப்படுகை எவ்வாறு கெடும் என்பதற்கு மீஞ்சூர் இன்று ஆய்வு நூல்களில் எடுத்துக்காட்டாக நிற்கிறது. 2010இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது; அந்நீரும் மாநகருக்கென்றே அமைந்தது. உவர்நீரில் வாழ்வது நம் பங்கு.

இதற்கும் தாடிக்கும் என்ன தொடர்பு? கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து நுரைக்குப் பதில் பிசுக்காகின்றன. நுரை வரவில்லையே என்று நாம் மேலும் சோப்புத் தேய்க்கிறோம். அந்தப் பிசுக்கு முடியின் அடியில் தங்கித் தோலை வறட்டுகிறது. அதன்மேல் ஆலைத் தூசியும் வியர்வை உப்பும் படிகின்றன. இத்தனையையும் சுமக்கும் தோல் அரிக்காமல் என்ன செய்யும்?

நபியவர்கள் உளூவின்போது தாடியைக் கோதிக் கழுவினார்கள் என்று உஸ்மான் (ரலி) அறிவிக்கும் செய்தி திர்மிதியில் உள்ளது. நாமோ தாடியின் மேல்பரப்பை நனைத்துவிட்டு நகர்கிறோம். விரல்களை அடியிலிருந்து நுழைத்துத் தோல்வரை நீரைச் செலுத்தினால், நாளுக்கு ஐந்து முறை தூசி அகலும். ஆலை வேலை செய்பவருக்கு இதைவிடச் சிறந்த பராமரிப்பு ஏது? ஆனால் ஒவ்வொரு உளூவுக்கும் சோப்புப் போட வேண்டியதில்லை, போடவும் கூடாது.

அன்றாடம் கடைப்பிடிக்க வேண்டியவற்றை எளிமையாகச் சொல்கிறேன்:

1. வேலை முடிந்ததும், வீட்டுக்குப் புறப்படுமுன்பே முகத்தையும் தாடியையும் நீரால் நன்கு அலசுங்கள்.

2. நாளுக்கு ஒருமுறை மட்டும் மென்மையான முகக் கழுவியால் தாடியின் அடித்தோலைக் கழுவுங்கள். துணி சோப்பும், காரமான குளியல் சோப்பும் வேண்டாம். கடைசியாக ஊற்றும் ஒரு குவளை நீரேனும் உப்பில்லாததாக இருக்கட்டும். மழைநீரைச் சேமிக்கும் வீட்டாருக்கு இது எளிது.

3. கழுவியபின் ஒற்றித் துடையுங்கள். ஈரத்தோடு முகக்கவசமோ ஹெல்மெட் வாரோ மாட்டாதீர்கள். துண்டு அவரவருக்குத் தனியாக இருக்க வேண்டும். பள்ளிவாசலில் தொங்கும் பொதுத்துண்டை முகத்தில் வைக்காதீர்கள்.

4. வறண்ட தோலுக்கு இரண்டொரு சொட்டு எண்ணெய் போதும். தாடியில் பொடுகு இருந்தால் எண்ணெய் தேய்த்து ஊறவிடாதீர்கள். பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்ப்பசை தீனியாகும். கீட்டோகோனசோல் கலந்த ஷாம்பூவை மருத்துவரின் ஆலோசனைப்படி வாரம் இருமுறை தேய்த்து, சில நிமிடங்கள் விட்டு அலசுவது பலருக்குப் பயன்தரும்.

5. கன்னத்தையும் கழுத்தையும் ஒதுக்கும்போது ஒட்ட மழிக்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் முடியை மென்மையாக்கி, முடி வளரும் திசையிலேயே, தோலை இழுத்துப் பிடிக்காமல் செய்யுங்கள். கொப்புளம் அடிக்கடி வருவோர் சவரக்கத்தியைத் தவிர்த்து டிரிம்மரைப் பயன்படுத்தலாம்.

6. சலூனில் உங்கள் கண்முன் புதிய பிளேடு பிரிக்கப்படட்டும். ஒருவரின் இரத்தம் பட்ட கத்தி இன்னொருவருக்கு மஞ்சள் காமாலைக் கிருமியையும் எச்.ஐ.வி.யையும் கொண்டுசெல்லக் கூடும். படிகாரக் கட்டியைப் பலர் முகத்திலும் தேய்ப்பதும் தவறே.

7. உள்சுருண்ட முடியை நகத்தாலோ ஊசியாலோ கிள்ளாதீர்கள்.

சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், வட்டமாகப் படர்ந்தால், முடி கொத்தாக உதிர்ந்தால், தழும்பு தடித்து வளர்ந்தால், சாயமிட்டபின் முகம் வீங்கினால் தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுங்கள். கொப்புளங்கள் திரும்பத் திரும்ப வருவோர் இரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிட வேண்டும். செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. பொன்னேரியில் அரசு மருத்துவமனை உண்டு. மேல் சிகிச்சைக்குக் கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்தொடர் வண்டியில் வடசென்னைக்குச் சென்றால், ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தோல்நோய்ப் பிரிவே இருக்கிறது. ஒரு நாள் விடுப்பு, முகத்தையும் சுன்னத்தையும் சேர்த்துக் காக்கும்.

வேலையா, தாடியா?

"நிறுவனத்தில் தாடி கூடாது என்கிறார்கள், என்ன செய்வது?" என்று கேட்போருக்கு நேர்மையான விடை சொல்ல வேண்டும். நம் நாட்டுச் சட்டம் இதில் ஒரே குரலில் பேசவில்லை. விமானப்படை வீரர் ஒருவரின் வழக்கில், 2016 டிசம்பரில், படையின் ஒழுங்குவிதியை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதே வேளையில், தாடி வைத்ததற்காகவும் தண்டிக்கப்பட்ட மதுரைக் காவலர் ஒருவரின் வழக்கில், 2024 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அத்தண்டனையை இரத்து செய்தது. முஸ்லிம் காவலர்கள் ஒழுங்காக வெட்டிய தாடி வைத்துக்கொள்ள 1957ஆம் ஆண்டின் மதராஸ் காவல் அரசிதழே இடமளிப்பதை நீதிபதி எல். விக்டோரியா கௌரி சுட்டிக்காட்டினார். இது காவல்துறைக்கான தீர்ப்பு. தனியார் ஆலைகளைக் கட்டுப்படுத்தும் உத்தரவன்று. ஆயினும் நேர்த்தியான தாடி கடமையுணர்வுக்கு எதிரியல்ல என்பதற்கு அது நல்ல சான்று. "நேர்த்தியான" என்னும் சொல்லைக் கவனியுங்கள். பரட்டைத் தலையும் தாடியுமாய் வந்தவரைச் சீர்படுத்திக்கொண்டு வருமாறு நபியவர்கள் சைகை செய்த செய்தி முவத்தாவில் இருக்க, நாம் கலைந்த தாடியோடு நின்று உரிமை கேட்பது அழகாகாது.

ஒன்றை மட்டும் பிரித்து அறியுங்கள். நச்சு வாயுவோ நுண்தூசியோ உள்ள இடத்தில் முகத்தோடு இறுகப் பொருந்தும் சுவாசக் கவசம் அணிய வேண்டியிருந்தால், தாடி அதன் விளிம்பில் இடைவெளியை உண்டாக்கும், காற்று கசியும், உயிருக்கே ஆபத்து. அந்த விதியில் பகைமை இல்லை, பாதுகாப்பே இருக்கிறது. அங்கே சண்டையிடாமல், தலையை முழுதும் மூடி, மின்விசிறியால் வடிகட்டிய காற்றைச் செலுத்தும் தளர்வான கவசத்தைக் கேளுங்கள். தாடியோடு அணியக்கூடிய வகை அது. கிடைக்காவிட்டால் அத்தகைய தூசியற்ற பிரிவுக்கு மாற்றம் கேளுங்கள். தோல்நோய் இருப்பின் மருத்துவரின் சான்றை எழுத்தில் வாங்கிக் கொடுங்கள். வாய்மொழி வாதத்தைவிட ஒரு தாள் வலிமையானது.

ஜமாஅத்துகளே!

தாடி விடாதவரைக் கண்டிக்க நம் மேடைகளில் நேரம் கிடைக்கிறது. விட்டவர் படும் பாட்டைக் கேட்க நேரமில்லை. இது நீதியா? ஆண்டுக்கு ஒருமுறையேனும் தோல் மருத்துவர் ஒருவரைப் பள்ளிவாசலுக்கு அழையுங்கள். உளூச் செய்யுமிடத்தில் பொதுத்துண்டை அகற்றுங்கள். கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேருங்கள். குத்பாவில் தூய்மையைப் பேசும்போது ஸ்டீராய்டு களிம்பின் தீங்கையும் ஒரு வரி சொல்லுங்கள். மருந்துக்கடை நடத்தும் நம் சகோதரர்களிடம், சீட்டின்றி அதை விற்பது சட்டத்துக்கும் அமானிதத்துக்கும் முரண் என்று நயமாக எடுத்துரையுங்கள்.

தாய்மார்களே, சகோதரிகளே! உங்கள் மகனோ கணவரோ தாடியைச் சொறிந்துகொண்டிருந்தால், "எடுத்துவிடு" என்றும் சொல்லாதீர்கள், "பொறுத்துக்கொள்" என்றும் சொல்லாதீர்கள். "எங்கே, காட்டுங்கள்" என்று கேளுங்கள். வெளிச்சத்தில் பார்த்தால் சிவப்பா, சீழா, பொடுகா, வட்டமா என்று தெரிந்துவிடும். பாதி மருத்துவம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

முடி உள்ளவர் அதைக் கண்ணியப்படுத்த வேண்டும் என்பது நபிமொழி, நூல் அபூதாவூத். கண்ணியப்படுத்துவது என்றால் வளர்த்துவிட்டு மறப்பது அன்று. கழுவி, துடைத்து, சீவி, நோயுற்றால் மருந்திட்டுக் காப்பது. தாடி நமக்குச் சுமையாகவில்லை. அதன் உரிமையை நாம் கொடுக்காததே சுமையானது. பழியைத் தாடியின் மீது போடுவதை இன்றோடு நிறுத்துவோம்.

நோயையும் அதற்கான மருந்தையும் படைத்த வல்ல ரஹ்மான், நம் இளைஞர்களின் உழைப்பிலும் உடலிலும் மார்க்கத்திலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.